வாலை, வாலை, வாலை: போட்டித் தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் போட்டித் தேர்வுகளை நடத்தும் தேர்வாணையங்கள், தேர்வு வாரியங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் முழுப் பார்வையற்றவன். தென் மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையற்ற இளைஞர்கள் சிலருக்குப் போட்டித் தேர்வுப் பயிற்சி கொடுக்கிறேன். பாதி வகுப்பு நேரில், மீதி வாட்ஸ்அப் குரல்பதிவில் நடக்கும்.

இடஒதுக்கீடு கேட்டு இதை எழுதவில்லை. அது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 34ஆம் பிரிவு, அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் உரியது. அந்த இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது பற்றிய சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இன்று நான் பேச நினைப்பது தேர்வுக் கூடத்தில் வினாத்தாளுக்கும் எங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. உங்கள் ஆவணங்களில் அவர் "சொல்வதை எழுதுபவர்". நாங்கள் ஸ்கிரைப் என்போம்.

குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 வினாக்கள், மூன்று மணி நேரம். எங்களுக்கு மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் என்பதால் மொத்தம் நான்கு மணி நேரம். வகுத்தால் ஒரு வினாவுக்கு 72 வினாடி. அந்த 72 வினாடிக்குள் ஸ்கிரைப் வினாவை வாசிக்க வேண்டும், நான்கு விடைகளை வாசிக்க வேண்டும், நான் கேட்டால் திரும்ப வாசிக்க வேண்டும். நான் யோசித்துச் சொன்னதும் சரியான வட்டத்தைத் தேடிக் கறுப்பாக்க வேண்டும். கறுப்பாக்கியது நான் சொன்ன வட்டத்தைத்தானா என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை தெரியப்போவதும் இல்லை.

முதல் 100 வினாக்கள் தமிழ். பாடத்திட்டத்தில் "ஒலி வேறுபாடறிந்து சரியான பொருளை அறிதல்" என்று ஒரு பகுதி இருக்கும். வாலை, வாளை, வாழை. ஒன்று இளம்பெண், ஒன்று மீன், ஒன்று மரம். நான் எழுதிய ஒரு தேர்வில் எனக்குக் கிடைத்த ஸ்கிரைப் கல்லூரி முடித்த தம்பி, ஆங்கில வழியில் படித்தவர். அவர் வாசித்தது இப்படி: "வாலை, வாலை, வாலை." நான் பேசாமல் இருந்தேன். அவரே சொன்னார்: "அண்ணா, மூணும் ஒண்ணுதான் போல இருக்கு." குண்டு ளவா, சிறப்பு ழவா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். "அங்க என்ன பேச்சு?" என்று கண்காணிப்பாளர் குரல் கொடுத்தார். அந்த வினாவை விட்டுவிட்டோம்.

அந்தத் தம்பிமேல் எனக்கு வருத்தமில்லை. அன்று காலைதான் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். என்ன தேர்வு, எத்தனை மணி நேரம் என்றுகூட யாரும் அவரிடம் சொல்லவில்லை. மதியம் ஆனதும் தொண்டை கட்டிப்போய் தண்ணீர் கேட்டார்.

சந்திப்பிழை வினாக்கள் இதைவிட வேடிக்கையானவை. வல்லினம் மிகுந்திருக்கிறதா, மிகாமல் இருக்கிறதா என்பது தாளில் கண்ணுக்குத் தெரியும். காதுக்கு வரும்போது அது வாசிப்பவரின் வாயைப் பொறுத்தது. தமிழ் சரியாகத் தெரியாதவர் எல்லா ஒற்றையும் விழுங்கிவிடுவார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர் வாசித்தாலோ, அவர் நாக்கு பிழையைத் திருத்தியே வாசிக்கும். நான்கு விடைகளும் சரியாக ஒலிக்க, இதில் பிழையானது எது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழாசிரியரே ஸ்கிரைப்பாக வந்தாலும் இந்த வினாவில் எனக்கு விமோசனம் இல்லை. சொற்களை அகர வரிசைப்படுத்தும் வினாவும் அப்படித்தான். எழுத்தைத் தொட்டோ எழுத்தெழுத்தாகக் கேட்டோ அறியாமல் அதற்கு விடை சொல்வது குருட்டாம்போக்கு. (இந்தச் சொல்லை நான் பயன்படுத்தலாம்.)

அடுத்து "பொருத்துக". உங்கள் வினாத்தாள் தயாரிப்பாளர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம் இருக்கிறது. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, அதன்பின் நான்கு வரிசைக் குறியீடுகள். பார்வையுள்ளவர் விரலை வைத்து இங்கும் அங்கும் பார்த்து முடித்துவிடுவார். நாங்கள் எட்டுச் செய்திகளை மனதில் நிறுத்திக்கொண்டு, "நாலு ஒண்ணு மூணு ரெண்டு, மூணு நாலு ரெண்டு ஒண்ணு" என்று ஓடும் எண்களைக் கேட்டு, இரண்டாவதா மூன்றாவதா என்று திரும்பக் கேட்டு, அதற்குள் இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்தது என்ன என்பது மறந்துபோய்... இங்கே நீங்கள் சோதிப்பது வரலாற்று அறிவையா, ஒரே நேரத்தில் பலவற்றை மனதில் நிறுத்தும் அவதானக் கலையையா? சதாவதானிகள் இருந்த ஊர்தான் இது, மறுக்கவில்லை. ஆனால் இளநிலை உதவியாளர் வேலைக்கு அது தகுதி என்று அறிவிக்கையில் எங்கும் இல்லை.

கணக்கை விரித்தால் கடிதம் நீளும். எங்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். விட வைக்கப்பட்டவர்கள் என்றும் சொல்லலாம். பார்வையற்றோர் தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் ஃபிரேமில் பெருக்கல் வகுத்தல் பழகியவனுக்கு அடுக்கும் அடைப்புக்குறியும் நிறைந்த ஒரு கோவையை, எது அடைப்புக்குறிக்குள் எது வெளியே என்று சொல்லாமல் ஒருவர் ஒரே மூச்சில் வாசித்தால் என்ன புரியும்? பகடை, கண்ணாடிப் பிம்பம், வட்ட விளக்கப்படம் போன்றவற்றுக்குப் பதிலாகப் பார்வையற்றோருக்கு மாற்று வினா தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களில் இருக்கிறது. நடைமுறையில் ஸ்கிரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு பாக்ஸ் இருக்குண்ணா, அதுக்குள்ள கோடு கோடா இருக்கு" என்கிறார்.

தகுதி விதியையும் பாருங்கள். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதல்படி, தேர்வர் தாமே அழைத்துவரும் ஸ்கிரைப், தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று புரிகிறது. ஸ்கிரைப்பே விடை சொல்லிவிடக் கூடாது என்ற அச்சம். அதன் விளைவு என்ன? முதுகலைப் பொருளாதாரத் தாளை, அந்தப் பாடத்தின் சொற்களையே கேட்டறியாத ஒருவர் வாசிக்கிறார். திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிட்டது. இப்போது 2025 ஆகஸ்டில் வந்த புதிய வழிகாட்டுதல்கள், சொந்த ஸ்கிரைப் வழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து, தேர்வு நடத்தும் அமைப்புகளே ஸ்கிரைப் குழுக்களை உருவாக்கச் சொல்கின்றன. குழு என்றால் பயிற்சி வேண்டும், ஊதியம் வேண்டும், பாடத்துக்கும் மொழிக்கும் ஏற்ற ஆள் வேண்டும், முன்கூட்டியே எங்களோடு உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். இவை இல்லாமல் சொந்த ஸ்கிரைப்பை மட்டும் நிறுத்தினால், இருந்த ஒரு கைப்பிடியும் போகும். எங்களிடம் வரும் பெண்களுக்கு இது இன்னும் பெரிய கவலை. நான்கு மணி நேரம் தோளோடு தோள் உட்காரப்போகும் ஆள் யார் என்பது அவர்களுக்குத் தேர்வு அன்று காலைவரை தெரிவதில்லை.

ஸ்கிரைப்புகளைக் குறைசொல்லி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிளஸ் டூ முதல் பி.எட். வரை நான் படித்து வெளியே வந்ததே கல்லூரிப் பிள்ளைகள், அடுத்த தெருப் பிள்ளைகள், பாடப் புத்தகத்தைக் கேசட்டில் பதிந்து கொடுத்த அக்காக்கள் ஆகியோரின் தயவில்தான். அவர்களுக்கு நான் பட்ட கடன் தீராது. ஆனால் ஓர் அரசு வேலைக்கான மதிப்பெண் இன்னொருவர் தயவில் நிற்கலாமா என்பது வேறு கேள்வி. அரை மதிப்பெண்ணில் தரவரிசை மாறும் தேர்வில், என் மதிப்பெண்ணில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அன்று எனக்கு வாய்த்த தம்பியுடையது என்று பிரித்துச் சொல்ல உங்களாலும் முடியாது.

என் கோரிக்கை ஒன்றுதான். நாங்கள் விரும்பினால், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் உள்ள கணினியில், வினாத்தாளை நாங்களே வாசித்து நாங்களே விடையளிக்க விடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த மறுநாள் எங்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தானே? வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பார்வையற்ற ஊழியர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கோப்பு பார்க்கிறார்கள், மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். ஸ்கிரைப்போடு போய் அலுவலகத்தில் உட்காருவதில்லை. வங்கித் தேர்வுகளின் நிலை இன்னும் விநோதம். தேர்வே கணினியில்தான் நடக்கிறது. அன்றாடம் கணினியில் வேலை செய்யும் பார்வையற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, பக்கத்தில் ஸ்கிரைப் மவுசைப் பிடித்துக்கொண்டு திரையை வாசிக்கிறார்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த உரிமையும் அல்ல. 2013 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே பிரெயில், கணினி, பெரிய எழுத்து வினாத்தாள், விடையைக் குரலில் பதிவது ஆகியவற்றில் எது வேண்டுமோ அதைத் தேர்வர் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது. கணினியில் எழுதுவோர் முதல் நாளே வந்து கணினியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. அது வெளியான நாளில் பிறந்த குழந்தை இன்று எட்டாம் வகுப்பை எட்டியிருக்கும். குடிமைப் பணித் தேர்வில் திரைவாசிப்பானைக் கொண்டுவர முடிவெடுத்திருப்பதாக ஒன்றியப் பணியாளர் தேர்வாணையமே 2025இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆட்சியர் தேர்வுக்கு ஆகும் என்றால் தட்டச்சர் தேர்வுக்கு ஏன் ஆகாது?

நீதிமன்றங்கள் வந்த தூரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வழக்கு நம் ஊர் வழக்கு. 2014இல் தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பணிக்கான அறிவிக்கையில், பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பவர்கள் மட்டும் போதும் என்று வரம்பு வைக்கப்பட்டது. 70 விழுக்காடு குறைபாடுள்ள வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போராடி 2019 ஜனவரியில் தோற்றார். இரண்டே ஆண்டுகளில், 2021 பிப்ரவரி 11 அன்று, விகாஷ் குமார் வழக்கில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, நியாயமான வசதி செய்துகொடுத்தல் என்ற கோட்பாட்டையே பார்க்காமல் தந்த அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றது. விகாஷ் குமார் பார்வையற்றவர் அல்ல. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ளவர். சான்றிதழில் 40 விழுக்காடு குறைபாடு இல்லை என்பதற்காக அவருக்கு ஸ்கிரைப்பை மறுக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 2025 மார்ச் 3 அன்று, பார்வையின்மை ஒன்றையே காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு சொல்லிவிட்டது. பார்வையற்றவர் நீதிபதியாகித் தீர்ப்பு எழுதலாம் என்பது இன்று சட்டம். அவர் ஒரு கொள்குறி வினாவுக்குத் தாமே விடையைத் தட்டக் கூடாது என்பது நடைமுறை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

முறைகேடு நடக்கும் என்பீர்கள். இணையம் துண்டிக்கப்பட்ட கணினி, தேர்வு மையத்தின் கணினி, ஒவ்வொரு விசைத்தட்டும் நேரத்தோடு பதிவாகும் கணினி. இதில் நடக்கக்கூடிய முறைகேடு அதிகமா, இருவர் காதோடு காது பேசிக்கொள்ளும் அறையில் நடக்கக்கூடியது அதிகமா? எங்கள்மேல் இருக்கும் சந்தேகம் தீர வேண்டும் என்று உங்களைவிட எங்களுக்குத்தான் ஆசை.

செலவு என்பீர்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர் வளர்த்தெடுத்தது, 2006 முதல் இருக்கிறது. தமிழ் வாசிக்கும். விண்டோஸில் சேர்த்துக்கொள்ளக்கூடிய தமிழ்க் குரல் ஒன்றுக்கு வள்ளுவர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவரும் எல்லா ழகரத்தையும் அழகாக உச்சரிக்கிறார் என்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகம் வந்தால் அம்புக்குறியை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்கலாம், பத்து முறை கேட்கலாம். அவருக்குத் தொண்டை கட்டாது. கண்காணிப்பாளரும் அதட்டமாட்டார். வாலை, வாளை, வாழை மூன்றும் மூன்றாகவே நிற்கும்.

உங்களிடமிருந்து வேண்டியது, வினாத்தாள் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்யப்பட்ட உரையாக இருப்பது. இதில்தான் பெரிய தடங்கல் வரும் என்று நினைக்கிறேன். இன்றும் பல அலுவலகங்களில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குகிறார்கள். ஸ்கேன் செய்த பக்கத்தைத் திறந்தால் எங்கள் கணினி வெற்று ஆவணம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல்லை "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று வாசிக்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். அந்த ஆணையை உங்கள் வினாத்தாள் அறைக்குள்ளும் அனுமதித்தால் பாதி வேலை முடிந்தது. "பொருத்துக" வினாவை அட்டவணையாகப் போடாமல் வரி வரியாகப் போடுவது, படத்துக்குப் பதில் மாற்று வினா வைப்பது போன்றவை தயாரிப்பாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சியில் சொல்லித்தரக் கூடியவை.

மூன்றாவதாக, எத்தனை பேருக்குக் கணினி தெரியும் என்பீர்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கிராமத்தில் இருந்துகொண்டு இருபத்தைந்து வயதில் பார்வை இழந்தவர், பார்வையும் செவித்திறனும் இல்லாதவர், கை இயங்காதவர் ஆகியோருக்கு ஸ்கிரைப்போ பிரெயிலோதான் வழி. அதனால்தான் "விரும்பினால்" என்கிறேன். ஆனால் கணினி தெரியாத பார்வையற்ற பட்டதாரி ஏன் இத்தனை பேர் இருக்கிறார்கள்? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பொதுத்தேர்வுக்கு ஆசிரியர் ஒருவர் வந்து எழுதிக் கொடுத்துவிடுவார் என்று இருப்பதால், பள்ளியில் யாரும் எங்கள் பிள்ளைகளை விசைப்பலகை முன் உட்கார வைப்பதில்லை. தமிழ்99 விசைப்பலகையில் சரளமாக அடிக்கத் தெரிந்த பார்வையற்ற பதினோராம் வகுப்பு மாணவியை நான் சந்தித்திருக்கிறேன். அவள் கைபேசியில் தானே கற்றுக்கொண்டவள். பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்தது பிரெயில் எழுதும் ஸ்லேட்டும் ஸ்டைலஸும். அவற்றை நான் மதிக்கிறேன், பிரெயில் தெரியாமல் எழுத்துப் பிழையில்லாத தமிழ் வராது. அதோடு நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் குறை. சிபிஎஸ்இ 2018 முதலே மாற்றுத்திறனாளி மாணவர்கள் பொதுத்தேர்வைக் கணினியில் எழுத அனுமதித்திருக்கிறது. அரசுப் பணித் தேர்வில் கணினி வருகிறது என்று நீங்கள் ஓர் அறிவிப்பு விட்டால் போதும், பள்ளிகள் தாமாக மாறும். பாடத்திட்டத்தைத் தேர்வுதான் இழுத்துச்செல்கிறது என்பது ஆசிரியனாக எனக்குத் தெரிந்த உண்மை, அது நல்லதோ கெட்டதோ.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. "பார்வையற்ற பெனோ ஜெபின் அயல்நாட்டுப் பணிக்குப் போகவில்லையா? மதுரை பூரண சுந்தரி குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெறவில்லையா? ஸ்கிரைப்பை வைத்துத்தானே எழுதினார்கள்?" அவர்கள் எங்கள் பெருமை. என் வகுப்பில் அவர்கள் பெயரை நானும் சொல்கிறேன். ஆனால் வெள்ளத்தில் நீந்திக் கரையேறிய இருவரைக் காட்டிப் பாலம் கட்ட மறுப்பவர்களோடு என்ன பேசுவது? எல்லாப் பார்வையுள்ளவர்களும் அசாதாரணத் திறமை உள்ளவர்கள் என்று சொல்லி யாரும் அவர்களுக்கு வேலை கொடுப்பதில்லை. சுமாராகப் படித்து, சுமாரான மதிப்பெண் வாங்கி, சுமாரான ஒரு எழுத்தர் வேலையில் சேரும் உரிமை எங்களுக்கும் வேண்டும்.

எல்லாத் தேர்வுகளிலும் நாளையே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. வரும் அறிவிக்கை ஒன்றின் விண்ணப்பப் படிவத்தில் ஸ்கிரைப், பிரெயில், பெரிய எழுத்து, திரைவாசிப்பான் உள்ள கணினி என்று நான்கு கட்டங்கள் வையுங்கள். எத்தனை பேர் எதை டிக் செய்கிறார்கள் என்று பாருங்கள். கணினி கேட்டவர்களுக்குச் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் மட்டும் மையம் போட்டாலும் வந்து எழுதுவார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு ஒத்திகை வைக்கலாம். முடிந்துபோன தேர்வொன்றின் வினாத்தாளை ஒருங்குறி உரையாக மாற்றி ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். நாளையும் இடத்தையும் நீங்களே சொல்லுங்கள், கணினியும் உங்களுடையதாகவே இருக்கட்டும். என் மாணவர்கள் பத்துப் பேரை அழைத்துவருகிறேன். ஐந்து பேர் ஸ்கிரைப்போடும் ஐந்து பேர் கணினியிலும் எழுதட்டும். அடுத்த வாரம் இடம் மாறி, இன்னொரு வினாத்தாளை எழுதட்டும். உங்கள் தொழில்நுட்பப் பிரிவும் கண்காணிப்பாளர்களும் பின்னால் நின்று பார்க்கட்டும். போக்குவரத்துச் செலவு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு வசதி.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பார்வையற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்